வாசகர் கேள்விகள்: கதவுக்குப் பின்னால் நிற்பது யார்?

‘மனம் மாறினால் பார்வையும் மாறுமா?’ என்று சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தோம். அதற்குத் தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வந்தவற்றில் ஏழு கடிதங்களை எடுத்துக்கொண்டோம். பெயர்களை நீக்கிவிட்டோம், ஊரை மட்டும் விட்டுவைத்திருக்கிறோம்.

எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி இரண்டு வாரத்துக்கு முன் திருடர் புகுந்துவிட்டார்கள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. கூரையில் ‘டக்’கென்று கேட்டால் ஆள் நடப்பது போலவே இருக்கிறது. கரண்ட் போன ஓர் இரவு, கதவுக்குப் பின்னால் ஒருவன் நிற்பதைக் கண்ணால் பார்த்தேன். டார்ச் அடித்தால் அது என் வீட்டுக்காரரின் மழைக்கோட்டு. ‘உனக்குப் பைத்தியம்’ என்கிறார். எனக்கு ஏதாவது கோளாறா? — வாசகி, ஃபீனிக்ஸ்

கோளாறு இல்லை, அம்மா. அச்சத்துக்குத் தொல்காப்பியம் நான்கு காரணம் சொல்கிறது: அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், இறை (அரசன்). உங்களுடையது மூன்றாவது. மிகப் பழைய பயம், நியாயமான பயமும் கூட.

மூளை போடும் கணக்கைப் பாருங்கள். மழைக்கோட்டை ஆளென்று நினைத்தால் நஷ்டம் அரை நிமிடப் படபடப்பு. ஆளைக் கோட்டென்று நினைத்தால் நஷ்டம் உயிர். இரண்டில் எந்தத் தப்பைச் செய்வது மலிவு? அதனால்தான் ஆபத்து பக்கத்தில் வந்துபோன பிறகு, ‘ஆள்’ என்று முடிவுகட்ட மூளை கேட்கும் சாட்சியம் குறைந்துவிடுகிறது. சாதாரண நாளில் முகம், கை, அசைவு எல்லாம் தெரிந்தால்தான் ஆள். இப்போது தோளும் தலையும் போல ஏதோ ஒன்று இருந்தாலே போதும். ரொட்டி கருகினாலும் அலறுகிற புகை அலாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அது கெட்டுப்போகவில்லை, திருகாணியைக் கொஞ்சம் அதிகமாகத் திருப்பி வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதில் அமிக்டலா என்ற பாதாம்பருப்பு அளவுள்ள பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. அது தட்டிவிட்டதும் அட்ரினலின் ஏறுகிறது, இதயம் அடித்துக்கொள்கிறது. பிறகு மனம் ‘நெஞ்சு ஏன் இப்படி அடிக்கிறது?’ என்று காரணம் தேடுகிறது. இருட்டில் கிடைக்கிற முதல் காரணம் கதவுக்குப் பின்னால் நிற்பவன். ஆளைப் பார்த்துப் பயந்ததோடு, பயந்ததாலும் ஆளைப் பார்த்தீர்கள். இரண்டும் ஒன்றையொன்று ஏற்றிவிடும்.

இருட்டும் தன் பங்கைச் செய்கிறது. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் வேண்டும். கரண்ட் போன முதல் சில நிமிடங்களில் நாம் பாதிக் குருடர். தெரியாத பாதியை மனம் தன்னிடம் இருப்பதை வைத்து நிரப்புகிறது. இடையில் செல்போன் டார்ச்சை அடித்தால் பழகிய கண் மறுபடி தொடக்கத்துக்குப் போய்விடும். இன்னொன்று: மங்கல் ஒளியில் பார்க்க உதவும் செல்கள் விழித்திரையின் நட்டநடுவில் கிடையாது. எனவே இருட்டில் ஒன்றையே உற்றுப் பார்த்தால் அது கலங்கும், மறையும், அசைவது போலத் தோன்றும். சற்றுப் பக்கவாட்டில் பார்த்தால் தெளியும். அலாரம் பெட்டியின் சின்னச் சிவப்பு விளக்கு கும்மிருட்டில் நகர்வது போலத் தெரிவதும் கண்ணின் இயல்புதான். யாரும் அதைத் தொடவில்லை.

செய்ய வேண்டியது:

முதலில் அந்தக் கோட்டை அலமாரிக்குள் வையுங்கள். சிரிக்காதீர்கள், இதுதான் முதல் மருந்து. படுக்கையிலிருந்து தெரியும் ஆளுயரப் பொருள் எதையும் விட்டுவைக்க வேண்டாம்.

பகலில் வீட்டுச் சத்தங்களுக்குப் பட்டியல் போடுங்கள். சூடான தகரக்கூரை பொழுது சாய்ந்ததும் சுருங்கிச் சொடுக்கும். சீலிங்குக்கு மேலே இருக்கும் கீசர் சூடேறி ஆறும்போது குழாய்கள் ‘டிக் டிக்’ என்னும். ஃபிரிட்ஜ் நின்று கிளம்பும்போது அதிரும். குரங்கின் மேல் பழி போட வேண்டாம். நம் ஊர்க் குரங்குகள் ராத்திரியில் தூங்கிவிடும். இருட்டிய பிறகு கூரையில் ஓடினால் பூனை, எலி என்று பாருங்கள்.

ஒரு நோட்டில் 14 இரவுகளுக்கு நான்கு கட்டம் போடுங்கள்: மணி, என்ன கேட்டது, ஆள்தான் என்று நூற்றுக்கு எத்தனை நிச்சயமாக நினைத்தீர்கள், காலையில் பார்த்தபோது என்னவாக இருந்தது. மூன்றாவது கட்டத்தை அப்போதே எழுதிவிட வேண்டும். காலையில் எழுதினால் ‘அவ்வளவு ஒன்றும் பயப்படவில்லை’ என்று மனம் கணக்கைத் திருத்திவிடும்.

பூட்டுகளை ஒரே ஒரு முறை, ஒரே வரிசையில் பாருங்கள்: பின்கதவு, முன்கதவு, கேட், அலாரம். திரும்பப் போக வேண்டாம். திரும்பத் திரும்பப் பார்த்தால் தைரியம் வரும் என்று தோன்றும், நடப்பது எதிர்மாறு. நெதர்லாந்தில் 2003-இல் வெளிவந்த ஆய்வில், கணினித் திரையில் ஒரு காஸ் அடுப்பை மறுபடி மறுபடி சரிபார்க்க வைத்தார்கள். சரிபார்த்தவர்களின் ஞாபகம் கெடவில்லை. ஞாபகத்தின் மேல் இருந்த நம்பிக்கைதான் குறைந்தது.

அலாரம் அடித்தால் அது வேறு. ‘இதுவும் என் பயம்தான்’ என்று ஆராய்ந்துகொண்டு நிற்காதீர்கள். பேனிக் பட்டனை அழுத்துங்கள், கதவைத் திறக்காதீர்கள். வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை: ஐயா, ‘பைத்தியம்’ என்ற சொல்லால் அந்தத் திருகாணி ஒரு சுற்றுகூடக் குறையாது. விளக்கைப் போட்டு, கூடவே எழுந்துபோய்க் கோட்டைத் தொட்டுக் காட்டினால் குறையும்.

என் கடையில் துப்பாக்கியைக் காட்டிப் பணம் பறித்தார்கள். பத்து நிமிடம் நடந்தது என்று போலீஸில் எழுதிக் கொடுத்தேன். கேமராவில் பார்த்தால் 1 நிமிடம் 40 விநாடிதான். அவன் முகம் சுத்தமாக நினைவில்லை, ஆனால் துப்பாக்கியின் குழலில் இருந்த கீறல்வரை சொல்வேன். நான் எதையோ மறைக்கிறேன் என்று கூட்டாளியே சந்தேகப்படுகிறார். — வாசகர், சாட்ஸ்வர்த்

நீங்கள் எழுதியதைப் படித்தால் பொய் சொல்பவர் மாதிரி இல்லை. பயந்தவர் மாதிரிதான் இருக்கிறது.

நேரத்தை எடுத்துக்கொள்வோம். 2007-இல் டேவிட் ஈகிள்மனும் கூட்டாளிகளும் ஆட்களை 31 மீட்டர் உயரத்திலிருந்து, கயிறு எதுவும் இல்லாமல், கீழே விரித்த வலைக்குள் மல்லாந்து விழவிட்டார்கள். தாங்கள் விழுந்த நேரத்தை, பிறர் விழப் பார்த்த நேரத்தைவிடச் சராசரி 36 சதவீதம் அதிகமாக மதிப்பிட்டார்கள். அப்படியானால் அந்த நொடியில் உலகம் உண்மையிலேயே மெதுவாக ஓடியதா? அதைச் சோதிக்க அவர்கள் மணிக்கட்டில், கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் எண்கள் மாறும் ஒரு கருவியைக் கட்டியிருந்தார்கள். விழும்போதும் அந்த எண்களை அவர்களால் படிக்க முடியவில்லை. ஆக, நேரம் நீண்டது கண்ணில் அல்ல, ஞாபகத்தில். பயந்த நொடிகளை மனம் நெருக்கமாகப் பதிந்துவைக்கிறது. பிறகு திரும்பிப் பார்க்கும்போது ‘இவ்வளவு இருக்கிறதே, நிறைய நேரம் ஆகியிருக்கும்’ என்று எண்ணிக்கொள்கிறது. பத்து நிமிடம் என்று நீங்கள் சொன்னது அப்படி வந்த எண்.

முகம் ஏன் இல்லை? துப்பாக்கி இருந்ததால். உயிருக்கு ஆபத்து எந்தப் பொருளில் இருக்கிறதோ அங்கேயே கண் ஒட்டிக்கொள்ளும். 1987-இல் எலிசபெத் லாஃப்டஸ் குழு, உணவகக் கவுன்டரில் நிற்கும் ஒருவனின் படத்தொடரைக் காட்டியது. சிலருக்கு அவன் கையில் துப்பாக்கி, சிலருக்குக் காசோலை. துப்பாக்கியின் மேல் கண் அதிக முறை போனது, அதிக நேரமும் நின்றது. அவனைப் பற்றிய நினைவு குறைந்தது. பார்க்காத முகத்தை நினைவில் தேடினால் எங்கிருந்து வரும்?

இனி கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. காலி இடம் மனத்துக்குப் பிடிக்காது. நாலு பேர் கேட்கக் கேட்க, எங்கோ பார்த்த ஒரு முகத்தைக் கொண்டுவந்து அங்கே ஒட்டிவிடும். ஒட்டியது நாளாக நாளாகச் சொந்த ஞாபகம் போலவே உறுதியாகிவிடும். எனவே ஸ்டேஷனில் கூடுதல் வாக்குமூலம் கொடுக்கக் கேளுங்கள். அதில் நினைவிலிருந்து சொல்வது இது, கேமராவில் பார்த்த பிறகு தெரிந்தது இது என்று பிரித்து எழுதுங்கள். தெரியாததைத் ‘தெரியாது’ என்றே எழுதுங்கள். கூட்டாளியும் கடையில் இருந்திருந்தால், இருவரும் பேசிச் சேர்த்து ஒரு கதையாக்கக் கூடாது, தனித்தனியாக எழுதுங்கள். அடையாள அணிவகுப்புக்கு அழைத்தால் ‘இதில் அவன் இல்லாமலும் இருக்கலாம்’ என்ற எண்ணத்தோடு போங்கள். ‘இவர்களில் யார் ரொம்பப் பொருத்தம்’ என்று தேடினால் ஒரு நிரபராதி மாட்டிக்கொள்வான்.

கெட்ட கனவு, திடுக்கிடல், கடைப் பக்கம் போகவே கால் கூசுவது எல்லாம் முதல் வாரங்களில் பலருக்கும் இருக்கும், பலருக்குத் தானாக அடங்கும். ஒரு மாதம் தாண்டியும் அப்படியே இருந்தால் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். முதல் நாட்களிலேயே உட்காரவைத்து ‘எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்’ என்று பிழிந்தெடுப்பது உதவாது. வீட்டார் இதை அக்கறை என்று நினைத்துச் செய்கிறார்கள்.

காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டத்துக்குப் பயிற்சி செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபீல்ட்ஸ் ஹில் சாதாரண ஏற்றம்தான். ஓட்டத்தன்று மட்டும் சுவர் மாதிரி எழுந்து நிற்கிறது. கடைசியில் பாலி ஷார்ட்ஸ் ஏற்றம் வரும்போது அழுகையே வருகிறது. மலை மாறுவதில்லையே? — வாசகர், பைன்டவுன்

மலை மாறாது, தம்பி. ஆனால் மலையைச் சரியாகப் பார்ப்பவர் யாருமே இல்லை. வர்ஜீனியாவில் டெனிஸ் ப்ராஃபிட் குழு 1995-இல் வெளியிட்டதன்படி, 5 டிகிரி சரிவைப் பார்த்து மக்கள் சொன்னது ஏறக்குறைய 20 டிகிரி. களைத்தவர்களுக்கு இன்னும் செங்குத்து. சோக இசை கேட்டவர்களுக்கும் அப்படியே என்று அதே வழியில் வந்த இன்னொரு ஆய்வு சொன்னது.

இதை அப்படியே நம்பிவிட வேண்டாம். முதுகில் கனமான பை மாட்டினால் மலை செங்குத்தாகத் தெரிகிறது என்றும் சொல்லியிருந்தார்கள். 2009-இல் ஃபிராங்க் டர்ஜின் குழு அதைச் சோதித்தது. பை எதற்கு என்று பொருத்தமான வேறொரு காரணத்தைச் சொல்லி மாட்டிவிட்டதும், பையின் விளைவு காணாமல் போனது. ‘பை இருக்கிறது, அதிகமாகச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது’ என்று ஊகித்தவர்கள்தான் அதிகமாகச் சொல்லியிருக்கிறார்கள். களைத்த மனம் மாற்றுவது கண்ணையா, வாயையா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. எங்கள் சாய்வு வாய்ப் பக்கம்: கண்ணுக்கு வரும் படம் அதிகம் மாறுவதில்லை, ‘என்னால் ஆகுமா’ என்ற தீர்ப்பு மாறுகிறது.

உங்களுக்குப் பயன்படும் செய்தி 1995 ஆய்விலேயே இருக்கிறது. சரிவை வாயால் சொல்லாமல், உள்ளங்கையால் ஒரு பலகையைச் சாய்த்துக் காட்டச் சொன்னபோது பெரும்பாலும் சரியாகவே காட்டினார்கள். உடம்புக்கு மலை தெரியும். ஆகவே எங்கே நடப்பது, எங்கே ஓடுவது என்பதை மலையடியில் நின்று முடிவு செய்யாதீர்கள். பயிற்சி நாளிலேயே முடிவுசெய்து கையில் எழுதிக்கொள்ளுங்கள்: மூன்று விளக்குக் கம்பம் ஓட்டம், ஒரு கம்பம் நடை, இப்படி. ஏறும்போது உச்சியைப் பார்க்காமல் அடுத்த கம்பத்தை மட்டும் பாருங்கள். அழுகைக்குப் பசியும் காரணமாக இருக்கலாம். அத்தனை தூரத்தில் இரத்தச் சர்க்கரை இறங்கினால் மனமும் கூடவே இறங்கும். ஏற்றம் தொடங்குமுன் வாயில் ஏதாவது போடுங்கள்.

ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கும் மகன் வாட்ஸாப்பில் ‘சரி’ என்று மட்டும் அனுப்புகிறான். கோபமாக இருக்கிறானோ என்று நாள் முழுக்கக் குமைகிறேன். — வாசகி, டோங்காட்

எழுத்துக்குக் குரல் இல்லை. படிக்கிறவர் மனம்தான் குரல் கொடுக்கிறது. அந்தச் ‘சரி’யை மூன்று விதமாக வாய்விட்டுப் படியுங்கள்: சலிப்பாக, அவசரமாக, பாசமாக. மூன்றும் பொருந்துகிறதா? அப்படியானால் அந்தச் சொல்லிலிருந்து உங்களுக்கு எதுவும் தெரியாது என்று அர்த்தம். குரல் பதிவு அனுப்பச் சொல்லுங்கள்.

எனக்கு வயது 67. அவர் போய் எட்டு மாதம். கோயிலில் காவடியில் கட்டிய மயில்தோகைகூடச் சாம்பல் பூத்த மாதிரி தெரிகிறது. குழம்பில் உப்பு உறைப்பு எதுவும் நாக்குக்குப் பிடிபடவில்லை. துக்கத்தில் உலகமே நிறம் மாறும் என்கிறார்களே, அதுதானா? — வாசகி, வெருலம்

அதுவாகவும் இருக்கலாம், அம்மா. ஆனால் முதலில் கண் டாக்டர். இந்த வயதில் ‘சாம்பல் பூத்த மாதிரி’ என்றால் புரையாகவும் இருக்கலாம். புரை வளர்ந்தால் நிறம் மங்கும், வெள்ளை பழுப்பேறும், இரவில் எதிரே வரும் கார் விளக்கு கண்ணைக் கூசும். வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள்: நல்ல வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் துணியை ஒரு கண்ணை மூடி மறுகண்ணால் பாருங்கள், பிறகு மாற்றிப் பாருங்கள். இரண்டுக்கும் நிறம் வேறுபட்டால் கோளாறு மனத்தில் அல்ல, கண்ணில். வேறுபடாவிட்டாலும் பரிசோதனை வேண்டும், ஏனென்றால் இரண்டு கண்ணும் ஒன்றாகவே மங்கலாம். சர்க்கரை இருந்தால் விழித்திரையை ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். நம்மவர் வீடுகளில் சர்க்கரை இல்லாத வீடு எது? இதயத்துக்கு டிகாக்ஸின் மாத்திரை எடுப்பவராக இருந்து எல்லாம் மஞ்சளாகத் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். (‘காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்’ என்பது பழமொழிக்குச் சரி. உண்மையில் காமாலைக்காரரின் கண் மற்றவருக்குத்தான் மஞ்சள். அவருக்கு உலகம் எப்போதும் போலத்தான்.) ருசி குறைந்ததையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், மாத்திரைகளும் பல் செட்டும் அதைச் செய்யும்.

கண் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால், மனச்சோர்வைப் பற்றிப் பேசலாம். ஜெர்மனியின் ஃபிரைபர்க்கில் 2010-இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில், மனச்சோர்வு உள்ளவர்களின் விழித்திரை கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையிலான வித்தியாசத்துக்குக் காட்டும் மின்துடிப்பே குறைவாக இருந்தது. சோர்வு கூடக் கூடத் துடிப்பு இன்னும் குறைந்தது. எனவே நீங்கள் சொல்வதை வெறும் பேச்சு என்று யாரும் தள்ளிவிட முடியாது.

துக்கம் அலை மாதிரி வரும், போகும். நடுவில் பேரன் சேட்டைக்குச் சிரிப்பும் வரும். அப்படி இல்லாமல், நாளின் பெரும்பகுதி, ஏறக்குறைய எல்லா நாளும், இரண்டு வாரத்துக்கு மேல் மனம் இறங்கியே இருந்தால், அல்லது எதிலும் பிடிப்பில்லாமல் தூக்கம், பசி, தெம்பு எல்லாம் கெட்டிருந்தால் கிளினிக்கில் சொல்ல வேண்டும். இதற்குப் பேச்சு மருத்துவமும் உண்டு, மாத்திரையும் உண்டு. மாத்திரை பிடிக்க சில வாரம் ஆகும். நாலு நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று விடுவதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. செத்துப்போகலாம் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால் அன்றே யாரிடமாவது சொல்லுங்கள். தென்னாப்பிரிக்க மனச்சோர்வு, பதற்ற உதவிக் குழுவின் இலவச எண் 0800 567 567, இரவிலும் எடுப்பார்கள்.

அதோடு தினமும் ஒரு வேலை. காலையில் பத்து நிமிடம் வெயிலில் நடை, வெள்ளிக்கிழமை கோயில், வாரம் ஒருமுறை தங்கையோடு போன் என்று மணி குறித்து வையுங்கள். போகப் பிடிக்காதுதான். ஆசை வந்த பிறகு போவது என்று காத்திருந்தால் ஆசை வராது. போன பிறகுதான் கொஞ்சம் வரும். கிளம்புமுன் ‘இதில் எனக்குப் பத்துக்கு எத்தனை சந்தோஷம் கிடைக்கும்’ என்று ஒரு எண் எழுதுங்கள். வந்த பிறகு எவ்வளவு கிடைத்தது என்று இன்னொரு எண். முதல் எண் பூச்சியமாகவும் இரண்டாவது இரண்டாகவும் இருந்தால், அந்த இரண்டு பெரிய விஷயம். சோர்ந்த மனம் வருங்காலத்தைப் பார்க்கும்போதுதான் அதிகமாகக் குறைத்துப் பார்க்கிறது.

மகள் மேட்ரிக்கில் நல்ல மார்க் எடுத்த அன்று ஷோரூமுக்குப் போய் ஒரு பழைய பக்கி (பிக்கப் வண்டி) வாங்கக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இப்போது பார்த்தால் டயர் தேய்ந்திருக்கிறது, கதவோரம் துரு. அன்று எதுவும் கண்ணில் படவில்லை! — வாசகர், மெரேபேங்க்

பயமும் துக்கமும்தான் கண்ணை மறைக்கும் என்று நினைக்கிறோம். சந்தோஷமும் நன்றாகவே மறைக்கும். மனம் குளிர்ந்திருக்கும்போது ‘எல்லாம் நல்லபடியாக இருக்கிறது, துருவிப் பார்க்கத் தேவையில்லை’ என்று மூளை வேலையைக் குறைத்துக்கொள்கிறது. அதிலும் மகளால் வந்த மகிழ்ச்சியை வண்டியின் கணக்கில் வரவு வைத்துவிட்டீர்கள். 1983-இல் ஷ்வார்ஸ், க்ளோர் இருவரும் தொலைபேசியில் ஆட்களிடம் ‘வாழ்க்கை எப்படி’ என்று கேட்டார்கள். வெயில் அடித்த நாளில் திருப்தி அதிகம், மழை நாளில் குறைவு. ஆனால் முதலில் ‘அங்கே வானிலை எப்படி’ என்று கேட்டுவிட்டுக் கேட்டபோது அந்த வித்தியாசம் மறைந்தது. (பின்னால் பெரிய கணக்கெடுப்புகளில் வானிலையின் பாதிப்பு அவ்வளவாகத் தெரியவில்லை, ஆனால் காரணத்தைச் சொல்லிப் பார்க்கும் வழக்கம் நல்லது.) அடுத்த முறை பேனாவை எடுக்குமுன் ‘இந்தச் சந்தோஷம் வண்டியாலா, மார்க்காலா?’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். டயர், துரு, எண்ணெய்க் கசிவு, சர்வீஸ் புத்தகம் என்று பட்டியலை வீட்டிலேயே எழுதி எடுத்துப் போங்கள். அங்கே நின்று யோசித்து எழுதுவது பட்டியல் ஆகாது.

சட்டத்தில் வழி உண்டா என்றால்: வாங்கியதை ரத்து செய்ய 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தரும் 5 வேலைநாள் அவகாசம், விற்பவர் உங்களைத் தேடி வந்தோ போன் செய்தோ விற்றால்தான். நீங்களாக ஷோரூமுக்குப் போனதற்கு அது கிடையாது. ஆனால் சொல்லாமல் மறைத்த பழுது இருந்தால் கேட்க உரிமை உண்டு. மேலே தெரிகிற துரு அதில் சேருமா என்பது சந்தேகம்தான்.

கோபம் வந்தால் பத்து எண்ணச் சொல்கிறார்கள். ரோபோவில் (சிக்னலில்) ஒருவன் குறுக்கே புகுந்தால் எனக்கு நூறு எண்ணினாலும் அடங்குவதில்லை. — வாசகர், ஐசிபிங்கோ

பத்து எண்ணுவது கையை நிறுத்த. இரத்தத்தில் ஏறியது இறங்கச் சில நிமிடமல்ல, பல நிமிடம் ஆகும். அதுவரை ஒரு விசேஷ ஆபத்து இருக்கிறது: பயந்தவர் ஆபத்தைப் பெரிதாகப் பார்ப்பார், கோபக்காரர் சிறிதாகப் பார்ப்பார். லெர்னர், கெல்ட்னர் இருவரின் 2001 ஆய்வு இதைக் காட்டியது. அதனால்தான் கோபத்தில் முந்தும்போது எதிரே வரும் டாக்ஸி தூரத்தில் இருப்பது போலவே தோன்றுகிறது. கோபம் தணியும்வரை முந்துவதில்லை என்று ஒரே விதி வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணுவதோடு பெயரும் சொல்லிப் பாருங்கள். உணர்ச்சிக்குச் சரியான பெயர் வைத்தால் அமிக்டலாவின் பரபரப்பு குறைகிறது என்று 2007-இல் மாத்யூ லீபர்மன் குழு மூளைப் படங்களில் கண்டது. நம்மிடம் பெயருக்குப் பஞ்சமில்லை. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று தொல்காப்பியம் சொல்லும் மெய்ப்பாடு, அதாவது உடம்பில் தெரியும் உணர்ச்சி, எட்டு. குறுக்கே புகுந்தவனிடம் வந்தது வெகுளிதானா, இல்லை மனைவி மக்கள் முன்னால் ஒருவன் நம்மைச் சின்னவனாக்கிவிட்டான் என்ற இளிவரலா? இரண்டாவது என்றால், அவனைத் துரத்திப் பிடித்தாலும் அது போகாது.